பாசிட்டிவ்காரியின் மகள்

மாப்பிள்ளை வீட்டார் என் ஜாதகத்தைப் பார்த்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு காகிதம் கேட்டார்கள். எனக்கு மார்பகப் புற்றுநோய் வராது என்று எழுதிய காகிதம்.

என்னிடம் நேராகக் கேட்கவில்லை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த அத்தை வீட்டு மாமாவிடம் சொன்னார்கள். மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா எனக்குக் கூப்பிட்டபோது நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கடலூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

“பாப்பா, கோவப்படாம கேளு. ஏதோ ரிசப்டர் ஜீன்னு ஒரு டெஸ்ட்டாம். ரத்தம் ஒண்டி குடுத்தா போதுமாம். நீ படிக்கிற எடத்துலயே எடுக்கறதுதானாமே?”

“யாரும்மா சொன்னது?”

“மாப்பிள்ளதான். பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் எடுக்குறாரு இல்ல. அவருக்கு எல்லாம் தெரியுமாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவர் சொன்ன அதே மரபணுவைத்தான் ஒன்றரை ஆண்டாக ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ பெண்கள் இருக்க, அந்தக் காகிதத்தை என்னிடமா கேட்க வேண்டும்?

எங்கள் வீடு கடலூருக்கு மேற்கே, முந்திரிக் காட்டை ஒட்டிய செம்மண் பூமியில் இருக்கிறது. அப்பா கொத்தனார். அம்மா கொட்டகையில் முந்திரி உடைத்தவள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். அது நான் ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தது. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. தாழ்த்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவின் இடது மார்பில் கட்டி வந்தது. கொரோனா முதல் அலை அடங்கியிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்து ஒரு தாள் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அதைப் படித்தேன். ஈ.ஆர். பாசிட்டிவ். பி.ஆர். பாசிட்டிவ். மூன்றாவதாக ஏதோ ஒன்று நெகட்டிவ். எங்களுடன் துணைக்கு வந்திருந்த அத்தை என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் கொரோனா எல்லோருக்கும் எழுத்தோடு கற்றுக்கொடுத்திருந்தது.

“ரெண்டு எடத்துல பாசிட்டிவா? அப்ப டபுளாடி?”

நான் விளக்கத் தொடங்குவதற்குள் அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாளே கொட்டகைக்குச் செய்தி போய்விட்டது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி உடைத்த பெண்கள் தங்கள் கட்டையையும் கல்லையும் தூக்கிக்கொண்டு அந்தாண்ட போய் உட்கார்ந்தார்கள். அம்மாவின் டம்ளர் மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று யாரோ ஆணியால் அதன் அடியில் ஒரு கூட்டல் குறி கீறி வைத்தார்கள். வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவோமே, அதுபோல. அம்மாவுக்குப் பெயரே மாறிப்போனது. பாசிட்டிவ்காரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது கையால் பிடித்து நாள் முழுக்க அடித்து உடைக்கும் வேலை அவளுக்கு முடியாமல் போனது. கொட்டகையை விட்டு வந்தபோது அந்த டம்ளரைக் கையோடு எடுத்து வந்துவிட்டாள். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறாள்.

டாக்டர் பெண்மணி சொன்னது நேர் எதிர். அந்த இரண்டும் பாசிட்டிவாக இருப்பது ஒரு வகையில் நல்லது, மாத்திரை வேலை செய்யும் என்றார். அம்மா நம்பவில்லை. நோயில் என்ன நல்லது இருக்க முடியும்? அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு நான் அவளுக்கு அந்த ஈ.ஆர்., பி.ஆர். குறிக்கும் ஏற்பி, அதாவது ரிசப்டர், என்றால் என்ன என்று சொன்னேன்.

“உடம்புல ஹார்மோன்னு ஒண்ணு ஓடுதும்மா, பஸ் மாதிரி. எல்லா ஊர்லயும் நிக்காது. ஸ்டாப் இருந்தாதான் நிக்கும், ஆள எறக்கும். ஒன் கட்டில அந்த ஸ்டாப் நெறையா இருக்குது. பஸ் நிக்க நிக்க கட்டி வளருது. ஸ்டாப் இருக்குதுங்கறதத்தான் பாசிட்டிவ்னு எழுதியிருக்காங்க. ஒட்டுற நோயின்னு அர்த்தம் இல்ல.”

அம்மா சாலையைப் பார்த்தாள். நிழற்குடைக்கு முன்னால் ஒரு மணல் லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் நிற்க இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது.

“அப்ப மாத்திர என்னா பண்ணும்? ஸ்டாப்புல லாரிய நிறுத்தி வச்சிடுமா?”

நான் பல புத்தகங்களில் அந்த மாத்திரையைப் பற்றிப் படித்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அம்மா சொன்னதைவிடத் தெளிவாக ஒருவரும் எழுதியதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மாத்திரைக்குப் பெயர் லாரி.

அந்த நாட்களில் நானும் ஒரு தப்புச் செய்தேன். அத்தையும் ஊராரும் “இது ரத்தத்துல வர்றது, பொண்ணுக்கும் வரும்” என்று பேசியபோது, “வரவே வராது, இது வம்சத்துல வர்ற நோயே இல்ல” என்று அடித்துச் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் பயத்தில் சொன்னார்கள், நான் கோபத்தில் சொன்னேன். அந்தக் கோபம்தான் என்னை சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதுகலை முடித்து ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது, ஹார்மோன் ஏற்பியின் மரபணுவில் ஆளுக்கு ஆள் இருக்கும் சின்ன வேறுபாடுகள் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுமா என்பதையே எடுத்துக்கொண்டேன்.

படிக்கப் படிக்க நான் கத்தியதும் தப்பு, ஊர் பேசியதும் தப்பு என்று தெரிந்தது. அம்மாவின் தாளில் இருந்த பாசிட்டிவ் என்பது கட்டியின் குணம். அது எனக்கு வந்து சேரும் சொத்து அல்ல. மரபணுவில் இருக்கும் எழுத்து மாற்றம் வேறு விஷயம். அது பிறக்கும்போதே வருவது, எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருப்பது. என் அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, காப்பீட்டு அட்டையில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். மூன்றும் ஒரே பெண்தான். பெரும்பாலான மரபணு வேறுபாடுகள் அப்படிப்பட்டவை. ஆனால் எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரைப் பழைய ஆட்கள் கூடலூர் என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்து பஸ்ஸில் எப்படிக் கேட்டாலும் அதே டிக்கெட்தான். அதையே கோயம்புத்தூரில் நின்று கேட்டால் மலைமேல் உள்ள வேறொரு கூடலூரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். எந்த எழுத்து, எந்த இடத்தில், யார் உடம்பில் என்பதைப் பொறுத்தது. ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளைப் பற்றி ஓர் ஆய்வு கொஞ்சம் கூட்டுகிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. கூட்டினாலும் அது கொஞ்சம்தான். அதை வைத்து ஒரு பெண்ணைப் பார்த்து உனக்கு வரும், உனக்கு வராது என்று சொல்ல முடியாது. ஆபத்தை நிஜமாகவே ஏற்றிவிடும் வேறு சில மரபணுக்கள் உண்டு. அவற்றை எப்போது சோதிக்க வேண்டும் என்பதற்கு டாக்டர்களிடம் கேள்விகள் இருக்கின்றன. எங்கள் டாக்டர் அந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டார். எத்தனை வயதில் வந்தது, உடன்பிறந்தவர்களுக்கு உண்டா, அவர்கள் அம்மாவுக்கு? கேட்டுவிட்டு, இப்போதைக்கு அது தேவையில்லை, நாற்பதுக்கு முன்பே நீ பரிசோதனைக்கு வரத் தொடங்கு, அது போதும் என்றார். அம்மாவுக்கு வந்திருப்பதால் எனக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். நான் அதை மறைக்கவும் இல்லை, அதற்காகத் தலைகுனியவும் இல்லை.

ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கும் பெண்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அதைத் தமிழில் எழுதியது நான். அதில் ஒரு வரி உண்டு: ‘இந்த ஆய்வின் முடிவு உங்களுக்கு நோய் வருமா வராதா என்று சொல்லாது.’ ஒவ்வொருவருக்கும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். கிள்ளையிலிருந்து வந்த நண்டு விற்கும் அக்கா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “சொல்லாதுன்னா அப்பறம் எதுக்குடி என் ரத்தம்?” என்றார்.

“ஒங்க ஒருத்தரோடது சொல்லாதுக்கா. நெறைய பேரோடது சேந்தா எப்பனா ஏதாவது சொல்லும்.”

“சரி. கூட்டத்துல நானும் ஒருத்தியா நிக்கிறேன், எடுத்துக்க” என்று கையை நீட்டினார்.

அந்த வரியை எழுதிய கையால் அந்தக் காகிதத்தை எப்படி எழுதுவது?

அம்மா போன் செய்த அன்று வீட்டுக்குப் போனதும் தோசைக்கு ஊறவைக்க உளுந்து டப்பாவைத் திறந்தேன். உளுந்துக்குள் மாத்திரை அட்டைகள் புதைந்து கிடந்தன. மாதம் பிறந்தபோது நான் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“என்னாம்மா இது?”

அம்மா பருப்பு உரிக்கும் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அன்னிக்கி அவுங்க பொண்ணு பாக்க வந்தாங்க இல்ல. கண்ணுல பட்டுடப் போவுதுன்னு எடுத்து வச்சேன்.”

“வச்சது சரி. ஏன் சாப்புடல?”

“சாப்புட்டாதான நோயாளி? உட்டுட்டா, எல்லாம் சரியாயிடுச்சி, மாத்திர கூட இல்லன்னு சொல்லிக்கலாம்ல. எவளாவது டப்பாவ தொறந்து பாத்துட்டா?”

“ஒளுந்து டப்பாவ தொறக்க அவுங்க பொண்ணு பாக்க வந்தாங்களா, தோச சுட வந்தாங்களா?”

சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடவில்லை. முடிவாகட்டும், அப்புறம் கை நனைக்கிறோம் என்றார். சம்பந்தம் பேசி முடிக்கும் முன் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் காபி, தண்ணீர் எல்லாம் அதில் சேராது. மற்றவர்கள் குடித்தார்கள். அந்த ஒரு டம்ளர் அப்படியே திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கொட்டகையில் கட்டையும் கல்லும் நகர்ந்த சத்தம் அவளுக்கு மறுபடியும் கேட்டிருக்க வேண்டும்.

“பாப்பா, ஒரே ஒரு காயிதம். எடுத்துக் குடுத்துடு. நீ குடுத்தன்னிக்கே நான் மாத்திர சாப்புடுறேன்.”

என் அம்மா பேரம் பேசினாள். தன் உயிரை ஒரு தட்டில் வைத்து, என் கையெழுத்தை மறு தட்டில் கேட்டாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், அப்பாவைச் சொல்லச் சொன்னேன். அப்பா, “அவ கேட்டாதான” என்றார். அம்மா அசையவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கவனமே இல்லை. சேர்ந்த புதிதில் பழகிக்கொள்வதற்காக எங்கள் ரத்தத்திலிருந்தே நாங்கள் மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்தோம். என் குழாய் உறைபெட்டியின் அடித்தட்டில் இன்னும் இருக்கிறது. ஒரு மத்தியானம் போதும், பார்த்துவிடலாம். வியாழக்கிழமை அதை வெளியே எடுத்தேன். விரல் நுனிக்குள் அடங்கும் சின்னக் குழாய், ஜில்லென்று இருந்தது. எந்த எழுத்து வந்தாலும் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை என்று உலகத்தில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூடியைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. இவ்வளவு தெரிந்த எனக்கே அந்த எழுத்து இப்படித் தோன்றினால், ஒன்றும் தெரியாத வீட்டில் அது என்னவாகும்? இன்று நான் ஒரு காகிதம் கொடுத்தால் நாளைக்கு ஜாதகக் கட்டத்தோடு மரபணுக் கட்டமும் கேட்பார்கள். தோஷம் என்பதற்கு இன்னொரு பெயர் கிடைத்துவிடும், அதுவும் நான் வைத்த பெயராக. குழாயைத் திரும்ப வைத்து உறைபெட்டியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, கூட மாமா. பூ வைக்க நாள் குறிப்பதாகப் பேச்சு. வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் டெஸ்ட் எடுத்துவிட்டேன் என்று மாமா அவர்களிடம் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

“எடும்மா அந்த ரிப்போர்ட்ட” என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நான் உள்ளே போய் என் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். “நான் டெஸ்ட் எடுக்கல. நாலாவது வரிய படிங்க” என்றேன்.

அவர் படித்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். “தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா ரிப்போர்ட்ல ஈ.ஆர். பாசிட்டிவ்தான? அப்ப அந்த ரிசப்டர் ஜீன்ல ஏதோ மாறியிருக்கு. அது அடுத்த தலமுறைக்கு வரும்ல? நான் பசங்களுக்கு எடுக்கறதுதான்.”

“பசங்களுக்கு மாத்தி எடுங்க” என்றேன். “ரிப்போர்ட்ல இருக்கறது கட்டியப் பத்தி. எங்கம்மாவோட ஜீனப் பத்தி அதுல ஒரு வார்த்த கெடயாது. ரெண்டும் வேற.”

“ஏய், மாப்பிள்ளைக்கே பாடம் எடுக்கறியா?” என்று மாமா பாதி எழுந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கையமர்த்தினார். “எனக்கு அந்த வெவரமெல்லாம் வேணாம்மா. வராதுன்னு எழுதித் தர முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்க. ஒங்க பையனுக்கு நாளைக்கு நெஞ்சு வலி வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?”

“படிச்ச பொண்ணு இல்லியா, வாய் ஜாஸ்தி” என்று மாப்பிள்ளையின் அம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இடது பக்கம் இறுக்கிப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போனாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் மாத்திரை அட்டை, அதன்மேல் உளுந்து மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் நடுக்கூடத்தில் நின்று ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன் ஸ்டூலில், காபிக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரும் தொடாமல் இருந்தது.

“நீங்க குடிக்கல இல்ல?” என்று கேட்டு, அதை எடுத்து மாத்திரையை விழுங்கினாள். முழு டம்ளரையும் குடித்து முடித்தாள்.

“இது எனக்கு தெனைக்கும் ஒண்ணு. டாக்டரு சொன்ன வருசம் முடியற வரைக்கும் சாப்புடுவேன். நடுவுல உட்டது என் புத்தி. எம்பொண்ணுக்கு வருமான்னு கேக்கறீங்க. அவளுக்கே தெரியாதாம். அவ்ளோ படிச்சவளுக்கே தெரியாதது எனக்கு எங்க தெரியும்?” பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்போதும் கேட்கும் அதே குரலில், “காபி ஆறிப்போச்சி. வேற போட்டு எடுத்தாரவா?” என்றாள்.

வேண்டாம் என்று எழுந்துகொண்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை மட்டும் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுவாரம் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய் விட்டுப்போன நாட்களைச் சொன்னோம். டாக்டர் அம்மாவை நன்றாகத் திட்டினார். இனி ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். அம்மா தலையாட்டினாள். மாத்திரை இப்போது டிவி ஸ்டாண்டில் ரிமோட் பக்கத்தில் இருக்கிறது, கூட்டல் குறி போட்ட டம்ளரோடு. வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும். தினமும் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து போன் செய்து, “லாரி நின்னுடுச்சா?” என்று கேட்பேன். “நின்னுடுச்சிடி, வையி” என்பாள்.

மாமா இரண்டு மாதம் பேசவில்லை. போன வாரம் வந்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, ஆனால் இந்த முறை அம்மா விஷயத்தை நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

“இல்லண்ணா. மொத வார்த்தையே அதச் சொல்லிடுங்க. பாசிட்டிவ்காரி வீடுன்னு சொல்லுங்க. தண்ணி குடிக்க பயப்படறவங்க அவ்ளோ தூரத்துலேந்து பஸ் ஏறி வர வேணாம்.”